கம்பி விட்டதும் கலங்கிய தண்ணீர்: அது கன உலோகம்தானா?

கேள்வி இதுதான்: "தேவிபட்டினத்துக்குப் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. 60 அடி போர். ஆர்.ஓ மெஷின் விற்க வந்தவர் எங்கள் தண்ணீரை ஒரு டம்ளரிலும், அவர் கொண்டுவந்த தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, நாலு கம்பி உள்ள கருவியை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் சாணி கரைத்த மாதிரி ஆகிவிட்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. 'இதெல்லாம் கன உலோகம், கிட்னி போய்விடும்' என்றார். மீட்டரில் டிடிஎஸ் 1,800 காட்டியது. எனக்கு இரண்டு வயதில் மகன் இருக்கிறான், இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன். வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகிறவர். பயப்பட வேண்டுமா?"

தங்கச்சி, முதலில் அந்த டம்ளர் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். கலங்கி நின்ற அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அது கம்பியிலிருந்து கரைந்து வந்தது. அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயப் பாய இரும்பு அரித்து, துருவாகி, கசடாகத் திரண்டு நிற்கும். அவர் கொண்டுவந்தது உப்பு நீக்கிய தண்ணீர். அதில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. மறுபடி வந்தால் அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சாணித் தண்ணீர் ஆகிவிடும். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்த உப்புப் பரீட்சையை எத்தனையோ ஊர்களில் பெண்கள் முன்னால் செய்து காட்டியிருக்கிறேன்.

ஆனால் அவர் காட்டியது பொய் என்பதால் உங்கள் தண்ணீரில் ஈயம், கேட்மியம் மாதிரிக் கன உலோகம் இல்லை என்று ஆகிவிடாது. இருக்கிறதா இல்லையா என்பது அந்த டம்ளரால் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு வயதுப் பிள்ளையும் வயிற்றில் ஒன்றும் இருக்கும் வீட்டில் அதைத் தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிடிஎஸ் மீட்டரும் உலோகத்தை அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. 1,800 என்றால் ஒரு லிட்டரில் சுமார் 1,800 மில்லிகிராம். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரவிதி, குடிநீரில் இது 500க்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. அதே விதியில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து 1,800 கிலோ உப்பை லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். அந்த உப்புக்குள் 10 கிராம் ஈயம் கிடந்தால் எடைமேடை காட்டுமா? 10 கிராம் அல்ல, வரம்பைப் போல பத்து மடங்கு, 100 கிராம் கிடந்தாலும் காட்டாது. மீட்டரும் அப்படித்தான். டிடிஎஸ் 300 உள்ள தித்திப்பான தண்ணீரில் ஈயம் வரம்பைத் தாண்டி இருக்கலாம். 3,000 உள்ள வாயில் வைக்க முடியாத தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம்.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நமக்குத் தண்ணீர் இரண்டே ஜாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. எங்கள் ஊர் பெரியபட்டினத்துக்குப் பக்கம். சின்ன வயதில் அம்மாவோடு மணல்மேட்டுக்குப் போவேன். இடுப்பளவு குழி தோண்டி, ஊற்று சுரக்கும் வரை காத்திருந்து, சிரட்டையால் மணல் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவோம். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். நாக்கில் பட்டதும் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி, தீர்ந்தது. அந்த நாக்கை நான் குறை சொல்லவில்லை. உப்பைப் பொறுத்தவரை அது பொய் சொன்னதே இல்லை. ஆனால் வரம்பைத் தாண்டிய ஈயத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. நாக்குக்குத் தெரியாததால் நம் பேச்சிலும் அதற்கென்று ஒரு தண்ணீர்ப் பெயர் இல்லை.

மணல்மேட்டில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதைச் சொன்னால் மீதி எளிதாகப் புரியும். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். அதனால் மோட்டார் போட்டு உறிஞ்சி மேலே ஓர் அடி குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். சிரட்டையில் மொண்ட காலத்தில் அந்தக் கணக்கு குலையவில்லை. உங்கள் 60 அடி போர் 1,800 காட்டுகிறது என்றால் பெரும்பாலும் உப்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கடல்நீரிலேயே கன உலோகம் நிறைய இருக்குமோ என்று பலர் கேட்பார்கள். இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு உண்டு, ஈயமும் கேட்மியமும் மிக மிகக் குறைவு. சிக்கல் வேறு மாதிரி வருகிறது. உப்பில் உள்ள குளோரைடு அரிக்கும் குணமுள்ளது. பித்தளைக் குழாயை அரிக்கும், இரும்பு பைப்பின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேட்மியத்தோடு சேர்ந்து அதைத் தண்ணீரிலேயே தங்கவைக்கும். உப்பே நஞ்சு இல்லை. நஞ்சை வெளியே இழுத்துக்கொண்டு வருவதில்தான் அதன் வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில் அங்கே பழைய குடிநீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். புதுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்கவில்லை. அங்கிருந்த கார் இன்ஜின் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சில மாதத்திலேயே அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. வீடுகளில் மட்டும் தொடர்ந்து ஓடியது. பழைய ஈய பைப்புகளிலிருந்து ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. நம் ஊரில் ஈய பைப் கிடையாது. ஆனால் குளோரைடு அவர்களுக்கு இருந்ததைவிட நமக்குப் பல மடங்கு அதிகம். அரிப்பதற்கு நம் வீட்டில் வேறு பொருள்கள் இருக்கின்றன.

என்னென்ன என்று கேட்டால்: பித்தளை நல்லி, பித்தளை வால்வு. கடைவதற்கு வசதியாகப் பித்தளையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயம் சேர்ப்பது வழக்கம். பழைய ஜி.ஐ பைப்பின் துத்தநாகப் பூச்சில் ஈயமும் கொஞ்சம் கேட்மியமும் கலந்திருக்கும். பி.வி.சி பைப்பில் சூடு தாங்குவதற்காக ஈய உப்பு சேர்த்து வந்தார்கள். அதைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021இல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் போட்ட பைப், அதுவும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு என்றால், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்லி மூக்கில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, பைப் முனையில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அரிப்பு நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போனேன். திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன். சனி ஞாயிறு முழுக்கப் பைப்பிலேயே நின்றிருந்த தண்ணீரில் முதல் பாட்டிலைப் பிடித்தோம். பத்து நிமிஷம் திறந்துவிட்டு இரண்டாவது பாட்டில். ஒரே கிணறு, ஒரே நல்லி. முதல் பாட்டிலில் ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தது, இரண்டாவதில் வரம்புக்குள். மண்ணிலிருந்து வந்திருந்தால் இரண்டிலும் இருந்திருக்க வேண்டும். நல்லியைக் கழற்றி மாற்றியதும் முதல் பாட்டிலும் சரியாகிவிட்டது. அதிலிருந்து யார் வந்து கேட்டாலும் இரண்டு பாட்டில் பிடிக்கச் சொல்கிறேன்.

சரி, கண்ணுக்குத் தெரியும் உலோகம் ஒன்று நம் பக்கம் உண்டு, அது இரும்பு. போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், அரை மணி கழித்துப் பார்த்தால் மஞ்சளாகிக் குடத்தின் அடியில் செம்பொடி படிந்திருக்கும். பூமிக்குள் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, வெளியே காற்றுப் பட்டதும் துருவாகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை ஏறும். தேத்தண்ணி போட்டால் கறுத்து மசி மாதிரி ஆகும். தேயிலையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மசி செய்ததும் இதே சேர்க்கைதான். உங்கள் தேத்தண்ணி கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் இரும்பு இருக்கிறது. ருசிக்கும் துணிக்கும் அது தொந்தரவு, அந்த அளவில் உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. குடத்திலிருந்து குடத்துக்கு உயரத் தூக்கி ஆற்றி, ஓர் இரவு தெளியவைத்து, மணலில் வடித்தால் பெரும்பாலும் போய்விடும். கறுப்புக் கறையாகப் படிந்தால் அது மாங்கனீசு. அதற்கு வரம்பு 0.1 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்கிற வீடாக இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன்: வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகிறவர். நம் கரையில் தொழில் என்றால் மீன்பிடிப்புதான். எனக்கு உங்கள் போர் தண்ணீரைவிட அதுதான் அதிகக் கவலை தருகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் வலை பொத்துவதும், படகுக்குப் பெயின்ட் அடிப்பதும், வலையில் கட்டும் ஈயக்குண்டு வார்ப்பதும் வீட்டு முற்றத்தில் நடக்கும். என் பெரியப்பா மகன் வீட்டில் ஒரு தடைக்காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று கல் கூட்டி, சீமைக்கருவேலக் கட்டை எரிய, பழைய இரும்புச் சட்டியில் உடைத்த பேட்டரித் தகடுகள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகடுப்பே தாராளம். உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அதைக் கரண்டியால் வழித்துப் பக்கத்து மணலில் தட்டுவார்கள். அடியில் வெள்ளி மாதிரி மின்னும் ஈயத்தை அச்சில் ஊற்றுவார்கள். தட்டிய இடத்தில் அண்ணனின் மூன்று வயது மகள் உட்கார்ந்து, மணலில் கிடந்த மின்னும் துளிகளைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நடுவில் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணி அதே அடுப்பு அணைந்ததும் மீன் சட்டியை ஏற்றினாள்.

அந்த வீட்டுப் போர் தண்ணீரையும் எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. பிள்ளையின் ரத்தத்தில்தான் அதிகமாக இருந்தது. ஈயம் மண்ணில் வேகமாகக் கீழே இறங்குவதில்லை, மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். அதனால் முற்றத்தில் வார்த்த ஈயம் கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்டவருக்கு மண்ணைப் பற்றிப் பதில் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். உடம்புக்கு அது எந்த வழியில் வந்தது என்று தெரியாது, வந்ததெல்லாம் ஒரே கணக்கில் சேரும்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் ஈயமும் வெள்ளீயம். சுத்தமாக இருந்தால் அதில் பயமில்லை. வலைக்கும் பேட்டரிக்கும் உள்ளது காரீயம், நான் பேசுவது அதை. "காலங்காலமாக ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தோம், என்ன ஆகிவிட்டது" என்று பெரியவர்கள் கேட்பது இதனால்தான். ஆனால் மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பவர்களும் உண்டு. தெரியாத கடையில் ஈயச் சொம்பு வாங்காதீர்கள். கண்ணுக்கு இடும் சுருமா சிலவற்றிலும் காரீயக் கல்தான் அரைத்திருப்பார்கள். பிள்ளைக்கு இட்டுவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

காரீயம் உடம்பில் என்ன செய்கிறது? அதை உடம்பு சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் ஏறும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வரை ஏறும். ரத்தத்தில் ஒரு மாதம் போலத் தங்கி, பிறகு எலும்பில் போய்ப் பத்து இருபது வருஷம் உட்கார்ந்துவிடும். வளரும் மூளையைத்தான் முதலில் தொடும். காய்ச்சல் மாதிரி ஒரு நாளில் தெரியாது. பேச்சு கொஞ்சம் தாமதம், படிப்பில் கவனம் நிற்காதது, சோகை, அடிக்கடி வயிற்றுவலி. இதற்கெல்லாம் வேறு நூறு காரணம் இருப்பதால் யாரும் ஈயத்தை நினைப்பதில்லை. பிள்ளைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவு கண்டுபிடிக்கப்படவே இல்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே காரணத்தைத் தேட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அமெரிக்காவில் அந்த எல்லையை 3.5 என்று வைத்திருக்கிறார்கள்.

முழுகாமல் இருக்கும்போது இன்னொன்று நடக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு கட்ட, தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வரும். சின்ன வயதில் உங்கள் அப்பா வீட்டு முற்றத்தில் சேர்ந்த ஈயம் உங்கள் எலும்பில் இருந்தால் அதுவும் கூடவே வரும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இதற்கு உங்கள் கையிலேயே ஒரு வழி இருப்பதால் சொல்கிறேன். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் போதுமான அளவு இருக்கும் உடம்பு ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். வெறும் வயிற்றில் அதிகம் ஏறும். அதனால் சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் விடாமல் போடுங்கள். முள்ளோடு மெல்லும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக் கீரை, கூட ஒரு நெல்லிக்காய். பையனுக்கும் காலையில் எதையாவது கொடுத்துவிட்டு விளையாட விடுங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல் சோகை என்று வந்தது. சோகைப் பிள்ளையின் குடல் இரும்பைத் தேடிக்கொண்டே இருக்கும், ஈயம் வந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து பத்து முப்பது வருஷம் தங்கும், எலும்பைப் பலவீனமாக்கும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு பாய்ந்த வயலின் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது, "வலிக்குது வலிக்குது" என்ற பொருளில்தான் அந்த நோய்க்குப் பெயரே வந்தது. பீடி, சிகரெட் புகையிலும் கேட்மியம் உண்டு; வீட்டில் யாராவது பிடித்தால் தண்ணீரைவிட அது பெரிய வழி. ஆர்சனிக் மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் குழாய்க் கிணறுகள் வழியாகக் கோடிக்கணக்கானவர்களைத் தொட்டது. உள்ளங்கை தடிக்கும், தோலில் புள்ளி விழும், பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரும். குரோமியம் என்றால் ராணிப்பேட்டை, வேலூர் பக்கத்துத் தோல் தொழிலும் குரோமேட் கழிவும். அங்கே தோல் ஆலைக் கழிவை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டமாக நிலைநிறுத்தியது. பாதரசம் நம் கடற்கரையில் தண்ணீரைவிட மீன் வழியாக வரலாம். பெரிய சுறா, மயில்மீன் போன்றவற்றைப் பிரசவம் முடியும்வரை தள்ளி வையுங்கள். சாளை, நெத்திலி, காரல் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஊரில் தோல் ஆலையும் சுரங்கமும் இல்லை. ஆனால் குப்பையோடு எரிக்கும் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கொட்டும் அமிலத் தண்ணீர், படகுப் பெயின்ட் சுரண்டிய தூள் எல்லாம் மணலில்தான் விழுகின்றன. மணலுக்குப் பிடித்துவைக்கும் சக்தி களிமண்ணுக்கு இருப்பதில் பாதிகூடக் கிடையாது. ஈயம் மெதுவாகத்தான் இறங்கும் என்றாலும், தண்ணீரில் கரைந்து விழுவதை மழை பெய்தால் அதே மணல் கீழே அனுப்பிவிடும். போரைச் சுற்றி இருபது அடிக்குள் இவற்றில் எதையும் கொட்டவிடாதீர்கள்.

இனிப் பரிசோதனை. ராமநாதபுரத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தண்ணீர் கொடுக்கலாம். போனவுடன் "தண்ணி டெஸ்ட் பண்ணணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் இவற்றைப் பார்த்துத் தருவார்கள். ஊராட்சியில் வைத்திருக்கும் தண்ணீர் சோதிக்கும் சின்னப் பெட்டியிலும் ஈயம், கேட்மியம் வராது. "ஈயம், கேட்மியம், ஆர்சனிக், குரோமியம், நிக்கல், மாங்கனீசு வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கேயே செய்வார்களா, வெளியே அனுப்புவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கூடம் என்றால், பரிசோதனைக் கூடங்களைச் சரிபார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல் அமைப்பின் அங்கீகாரம் இந்த உலோகங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க அதில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள். அலசிவிடாதீர்கள், பையன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இரவு கடைசியாகத் தண்ணீர் பிடித்த பிறகு நல்லியைத் தொடாமல், விடியற்காலை முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். மேலே "முதல் தண்ணீர்", "ஓடிய தண்ணீர்" என்று எழுதி ஒட்டுங்கள். முதலில் மட்டும் ஈயம் வந்தால் குற்றம் பைப்பிலோ நல்லியிலோ. இரண்டிலும் வந்தால் போரிலேயே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் "பி.டி.எல்" என்று போட்டிருந்தால், கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். உடனே நிம்மதி ஆகிவிடாதீர்கள். எவ்வளவு குறைவாக இருந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்று கேளுங்கள். 0.05 என்றால் ஈயத்துக்கு அந்த ரிப்போர்ட் பிரயோஜனமில்லை, ஏனென்றால் வரம்பே 0.01. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனையோ பேர் "ஈயம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மற்ற வரம்புகள், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்: கேட்மியம் 0.003, ஆர்சனிக் 0.01, பாதரசம் 0.001, குரோமியம் 0.05, நிக்கல் 0.02. மைக்ரோகிராமில் கொடுத்திருந்தால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். திருச்சிப் பக்கமிருந்து வருகிறது, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்பது வேறு வருத்தம். கிடைக்கும் இரண்டு குடத்தை உங்களுக்கும் பையனுக்கும் ஒதுக்குங்கள். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற ஈயத்தின் அடர்த்தி கூடும். தேற்றாங்கொட்டை இழைத்தாலும் கலங்கல்தான் தெளியும். இரவு முழுக்கப் பித்தளைக் குடத்தில் வைத்த தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், எவர்சில்வரே போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, பெயின்ட் அடிக்காத மாடியிலிருந்து பிடித்து வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் இந்தக் கரையில் கிடையாது.

ஆர்.ஓ வேண்டுமா? 1,800 டிடிஎஸ் தண்ணீரைத்தான் வருஷம் முழுக்கக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டும். ஈயம், கேட்மியம் இரண்டையும் பெரும்பகுதி நீக்கிவிடும். அந்த மீட்டருக்கு வேலை இங்கேதான்: மெஷினிலிருந்து வரும் தண்ணீரின் டிடிஎஸ் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் சவ்வு போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் தண்ணீரில் இரும்பு இருந்தால் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அதனால் முதலில் இரும்பை வடிக்க ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். கழிவாக வெளியேறும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள். ஆனால் கம்பி வித்தை காட்டியவரிடம் வாங்காதீர்கள், ரிப்போர்ட் கைக்கு வரும் முன்னும் வாங்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது தொழிலைக் குறை சொல்வதாக இல்லாமல் சொல்லுங்கள். ஈயம் வார்ப்பதை வீட்டிலிருந்து தள்ளி, காற்று போகும் திசையில் வீடு இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். நாலு படகுக்காரர்கள் சேர்ந்து கடற்கரையில் ஓர் இடம் வைத்துக்கொள்ளலாம், கடையில் வார்த்த குண்டையே வாங்கினால் இன்னும் நல்லது. அந்தச் சட்டியும் கரண்டியும் அடுப்பும் சமையலுக்குத் திரும்ப வரவே கூடாது. வழித்த கசடைப் பழைய டப்பாவில் மூடி வையுங்கள், பழைய பேட்டரியை விலைக்கு எடுக்கும் கடையில் எடுத்துக்கொள்வார்கள். வார்த்த உடுப்போடு பையனைத் தூக்காமல், குளித்து மாற்றிக்கொண்டு வரட்டும். அந்த உடுப்பைத் தனியாக அலசுங்கள். ஏற்கெனவே முற்றத்தில் வார்த்த இடம் இருந்தால், ஈரப்படுத்தித் தூசி கிளம்பாமல் மேல் மண்ணை அரை அடி வெட்டி அள்ளிவிட்டு, புது மணல் போடச் சொல்லுங்கள். அதை நீங்கள் செய்யக் கூடாது, அந்த நாளில் பையனோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பையனுக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம் முற்றத்தில் ஈயம் உருக்கியதைச் சொல்லிக் கேட்டால் எழுதிக் கொடுப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வழியில்லை. அடுத்த முறை உங்களுக்கு ரத்தம் எடுக்கும்போது உங்களுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5க்கு மேல் வந்தாலும் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. ஈயம் வரும் வழியை அடைத்து, சத்தான சாப்பாடு கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வைத்தியம். 45ஐத் தாண்டினால் மட்டும் ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள்.

இரண்டு பாட்டிலின் ஈய எண்ணும், பையனின் ரத்த எண்ணும் கைக்கு வந்ததும் மூன்றையும் இங்கே எழுதுங்கள். நல்லியை மாற்றினால் போதுமா, போரையே விட வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.